சுடப்படுவதற்கென்றே ஒரு நடிகர்: எலிஷா குக்

1941-இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த துப்பறிவாளர் சாம் ஸ்பேட் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது நமக்குத் தெரியவருவது, வில்மர் என்ற பொடியனை அவர் படுத்தும் பாட்டில்தான். ஓவர்கோட்டின் இரண்டு பைகளிலும் ஆளுக்குப் பொருந்தாத பெரிய துப்பாக்கிகளைத் திணித்துக்கொண்டு ஊரையே முறைத்துத் திரிகிறவன் வில்மர். ஹோட்டல் வராந்தாவில் அவனோடு நடந்துபோகும் ஸ்பேட் ஒரு அடி பின்தங்கி, அவன் கோட்டைத் தோளிலிருந்து கீழே இழுத்துவிடுகிறார். கை இரண்டும் உடம்போடு மாட்டிக்கொள்கின்றன. துப்பாக்கிகளை உருவியெடுத்து அவனுடைய முதலாளியிடமே கொடுத்து, கால் ஊனமான பேப்பர் பையன் ஒருவன் இவனிடமிருந்து பிடுங்கிவிட்டான், நான்தான் திருப்பி வாங்கிக் கொடுத்தேன் என்று கிண்டல் வேறு. இன்னொரு காட்சியில் கேமரா வில்மரின் முகத்துக்கு மிக அருகே போகிறது. கண்ணில் நீர் கட்டி நிற்கிறது. ஆத்திரத்தில் வரும் அழுகை அது, பையன்களுக்கு வருகிற அழுகை.

அந்தப் 'பையனாக' நடித்த எலிஷா குக் ஜூனியருக்கு அப்போது வயது 37.

அமெரிக்க சினிமாவின் குணச்சித்திர நடிகர்களைப் பற்றிப் பேசும்போது, கதாநாயகனுக்கு அடுத்த வரிசையில் நின்று சிரிக்க வைத்தவர்களையும் தத்துவம் பேசியவர்களையும்தான் முதலில் சொல்வார்கள். குக் அந்த வகை இல்லை. அவர் படங்களில் படிக்கல் மாதிரி இருந்தார். எதிரே இருப்பவனின் எடை என்ன என்பது இவரை வைத்துத்தான் தெரியும். வில்லன் எவ்வளவு கொடியவன் என்று வசனம் எழுதிச் சொல்லிவிடலாம். ரசிகன் நம்ப மாட்டான். அவனிடம் மாட்டிக்கொண்டவனின் முகத்தைப் பார்த்தால் நம்புவான். அந்த முகத்தை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வாடகைக்குக் கொடுத்தவர் குக்.

1903 டிசம்பர் 26-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே மேடை ஏறிவிட்டார். பெரிய வாய்ப்பு 1933-இல் வந்தது. யூஜின் ஓ'நீல் எழுதிய 'ஆ, வில்டர்னஸ்!' நாடகத்தில், கவிதைப் பைத்தியம் பிடித்த பள்ளிக்கூடப் பையன் ரிச்சர்டு வேடம். அப்பா வேடத்தில், நியூயார்க்கின் நாடக வீதியான ப்ராட்வேயின் சூப்பர் ஸ்டார் ஜார்ஜ் எம். கோஹன். நாடகம் 289 முறை நடந்தது. எப்போதும் துயரத்தையே எழுதிய ஓ'நீலுக்கு அபூர்வமாக வந்த கலகலப்பான நாடகம் அது, அதன் உயிர் அந்தப் பையன் பாத்திரம். கிட்டத்தட்ட முப்பது வயதுக்காரர் ஒருவர் பதினாறு வயதுப் பையனாக நின்று நியூயார்க்கை நம்பவைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து எம்.ஜி.எம். அதைப் படமாக எடுத்தபோது ரிச்சர்டு வேடம் எரிக் லிண்டன் என்பவருக்குப் போனது. மேடையில் நிரூபித்தவரை விட்டுவிட்டுத் திரைக்கு வேறு முகம் தேடுவது ஹாலிவுட்டில் சாதாரண சமாசாரம். ஐந்தரை அடிக்கும் குறைவான உயரம், ஒல்லி உடம்பு, முட்டைக்கண், எதற்கோ பயந்துகொண்டே இருப்பது போன்ற பார்வை. காதல் நாயகன் வேலைக்கு இது ஆகாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். 1936-இல் குக் ஹாலிவுட்டுக்குப் போனார். முதலில் கல்லூரிப் படங்களில் சில்லறை வேடங்கள். 'பிக்ஸ்கின் பரேட்' என்ற கால்பந்துக் காமெடியில் புரட்சி பேசும் மாணவர். அந்தப் படத்தை இன்று யாராவது பார்த்தால் அது ஜூடி கார்லண்டின் முதல் முழுநீளப் படம் என்பதற்காகத்தான்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இவருடைய வாழ்க்கை புரியும். பெரிய ஸ்டுடியோ ஒவ்வொன்றும் வாரம் ஒரு படம் என்ற கணக்கில் தள்ளிக்கொண்டிருந்தது. பெரிய படத்தோடு ஜோடி சேர்த்துப் போட மலிவான 'பி' படங்களும் வேண்டும். இத்தனைக்கும் ஹோட்டல் கிளார்க், டாக்சி டிரைவர், லிஃப்ட்காரர், அடியாள், போலீஸுக்குத் துப்புக் கொடுக்கிறவர் எல்லாம் தேவை. உள்ளே வந்த ஐந்து விநாடியில் இவன் யார், எந்த ரகம் என்று ரசிகனுக்குத் தெரிந்துவிட வேண்டும்; விளக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அதற்குத்தான் பழகிய முகங்கள். ஒருவருக்கு ஒரு வேடம் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். நாயக நடிகர்களுக்கு அது சாபம், இவர்களுக்கு அதுவே சோறு.

கௌரவம் விஷயத்தில் இவர்கள் இரண்டாம் பந்திதான். துணை நடிகர்களுக்கு ஆஸ்கர் என்று ஒன்று வந்ததே 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதல் சில வருஷங்கள் அவர்களுக்கு முழுச் சிலைகூடக் கிடையாது, ஒரு பலகையில் பதித்த சின்ன உருவம்தான். 'மால்டீஸ் ஃபால்கனு'க்காக சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டின் பெயர் ஆஸ்கர் பட்டியலில் வந்தது. 61 வயதில் அவருக்கு அதுதான் முதல் படம். குக் பெயர் அப்போதும் வரவில்லை, பிறகும் எப்போதும் வரவில்லை.

அந்தப் படம் டேஷியல் ஹாமெட் நாவலின் மூன்றாவது திரைவடிவம். 1931 வடிவத்தில் வில்மர் வேடத்தை டுவைட் ஃப்ரை செய்திருந்தார். 1941-இல் இயக்கிய ஜான் ஹியூஸ்டனுக்கு அது முதல் படம். வேடிக்கை என்னவென்றால், நாவலிலேயே அந்தப் பாத்திரத்தின் முழுப்பெயர் வில்மர் குக். நாவலில் கடைசியில் வில்மர் தன் முதலாளி கட்மனையே சுட்டுக் கொல்கிறான். படத்தில் அந்தப் பழிவாங்கல் போய்விட்டது, எல்லோரும் பிடிபட்டார்கள் என்பதோடு கதை முடிகிறது. ஆனால் அவனைக் காட்டிக்கொடுக்க முடிவெடுக்கும் காட்சியை ஹியூஸ்டன் விடவில்லை. மயங்கிக் கிடந்த வில்மர் சோபாவில் கண் விழிக்கிறான். சுற்றியிருக்கும் முகங்கள் ஒவ்வொன்றும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மகனைப் போல என்று சொன்ன முதலாளியும் அந்த முகங்களில் ஒருவர். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், தன்னை விற்றுவிட்டார்கள் என்று குக்கின் கண்களுக்குப் புரிவதை நாம் பார்க்கிறோம்.

ஃபிலிம் நுவார் என்று பிற்காலத்தில் பெயர் வாங்கிய இருட்டுப் படங்களின் கணக்கை 1940-இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்டு ஃப்ளோர்' படத்திலிருந்து தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். அதிலும் குக் இருக்கிறார், செய்யாத கொலைக்கு மரண தண்டனை வாங்கும் டாக்சி டிரைவராக. தீர்ப்பைக் கேட்டு நீதிமன்றத்தில் கதறுவார். அடுத்து 'ஐ வேக் அப் ஸ்க்ரீமிங்', 'ஃபேண்டம் லேடி', 'பார்ன் டு கில்'. ஆர்.கே.ஓ., ஃபாக்ஸ், யுனிவர்சல், வார்னர் என்று ஸ்டுடியோ மாறிக்கொண்டே இருக்கிறது, முகம் மட்டும் அதே முகம்.

'ஃபேண்டம் லேடி'யில் அவர் ஒரு டிரம்மர். கதாநாயகி துப்பு துலக்குவதற்காக வேஷம் போட்டு அவரை மயக்கி, இசைக்காரர்கள் கூடி வாசிக்கும் ஒரு நிலவறை வரைக்கும் போகிறாள். அங்கே அவளைப் பார்த்துக்கொண்டே குக் டிரம் அடிக்கிறார். வேர்க்கிறது, கண் பிதுங்குகிறது, வேகம் ஏறிக்கொண்டே போகிறது. முத்தத்தின் நீளத்தைக்கூட அளந்துகொண்டிருந்த தணிக்கைக்காரர்கள் இதை எப்படி விட்டார்கள் என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. டிரம்தானே அடிக்கிறான் என்று விட்டிருப்பார்கள்.

அவர் ஏன் இவ்வளவு தடவை செத்தார் என்பதற்கும் தணிக்கையில் பாதி விடை இருக்கிறது. 1934-இலிருந்து கறாராக அமலான ஹேஸ் விதிகளின்படி குற்றவாளி தப்பிப் போவதாகக் காட்டக்கூடாது. கூட்டத்தில் சின்ன ஆளாக இருந்தாலும் கணக்குத் தீர்க்கப்பட வேண்டும். மீதி விடை கதைக்கட்டில் இருக்கிறது. நாயகன் சாக முடியாது. வில்லன் கடைசி ரீலுக்கு முன்னால் சாகக்கூடாது. ஆனால் படம் பாதியில் இருக்கும்போது, ஆபத்து நிஜம்தான் என்று காட்ட ஒரு சாவு வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் தேடினால் குக்தான் வந்து நிற்பார்.

இந்த நடுப்படச் சாவுகளில் எது சிறந்தது என்று கேட்டால், நான் தயங்காமல் 'தி பிக் ஸ்லீப்'பைச் சொல்வேன். வில்மரைவிட இதுவே பெரிய நடிப்பு என்பது என் கட்சி. ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1946-இல் வந்த படம். இதிலும் போகார்ட்தான் துப்பறிவாளர், இந்த முறை ரேமண்ட் சாண்ட்லரின் ஃபிலிப் மார்லோ. கதையில் டிரைவரைக் கொன்றது யார் என்று எடுத்தவர்களுக்கே புரியாமல் எழுத்தாளரைக் கேட்டதாகவும், அவருக்கும் தெரியவில்லை என்றும் ஒரு பிரபலமான கதை உண்டு. ஆகவே கதையை விடுவோம். குக் இதில் ஹாரி ஜோன்ஸ் என்ற சில்லறைப் பேர்வழி. மார்லோ சந்தில் அடிபட்டுக் கிடக்கும்போது அறிமுகமாகிறார். ஆக்னஸ் என்ற பெண்ணுக்காக ஒரு தகவலை விற்க வந்திருக்கிறார். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் யோசனையும் உண்டு. அவள் உனக்கு மேலான சரக்கு என்ற தோரணையில் மார்லோ ஏதோ சொல்ல, அது கேவலமான பேச்சு என்று ஜோன்ஸ் சொல்கிறார். குரலை உயர்த்துவதில்லை. மார்லோ உடனே ஒப்புக்கொள்கிறார். போகார்டின் வாயை அடைத்தவர்கள் அந்தக் காலத்துப் படங்களில் அதிகம் இல்லை.

அப்புறம் அந்த அலுவலகக் காட்சி. பணம் கொடுக்க வந்த மார்லோ பக்கத்து அறை இருட்டில் நின்று கேட்கிறார். உள்ளே கனீனோ என்ற கூலிக்கொலையாளி, ஆக்னஸ் எங்கே இருக்கிறாள் என்று ஜோன்ஸிடம் கேட்கிறான். துப்பாக்கி தெரிகிறது. ஜோன்ஸ் ஒரு முகவரி சொல்கிறார். சரி, விஷயம் முடிந்தது, ஒரு வாய் குடி என்று கனீனோ கோப்பையை நீட்டுகிறான். குக் அதை வாங்கும்போது சிரிக்கப் பார்க்கிறார். என்ன குடிக்கிறோம் என்று தெரிந்துதான் குடிக்கிறாரோ என்ற சந்தேகம் அந்தச் சிரிப்பில் நிற்கிறது. விஷம். ஆள் சரிந்த பிறகு மார்லோ அந்த முகவரியை விசாரிக்கிறார். அங்கே ஆக்னஸ் என்று யாருமே இல்லை. பயத்தில் நடுங்கிக்கொண்டே அந்த மனுஷன் பொய் சொல்லியிருக்கிறான். பெரிய துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நிறைந்த அந்தப் படத்தில் உண்மையான தைரியசாலி யார் என்று மார்லோவுக்கும் அப்போதுதான் தெரிகிறது. அவளுக்கோ இவன் செத்தது பெரிய நஷ்டமாகவே படவில்லை.

1953-இல் 'ஷேன்'. இயக்கியவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், எடுத்த இடம் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கு. குக் இங்கே ஃபிராங்க் டோரி என்ற குடியானவர். தெற்கத்திக்காரர், உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் பெயரைப் பட்டப்பெயராகச் சுமப்பவர். வீறாப்புக்காரர், ஆனால் துப்பாக்கி அவர் தொழில் இல்லை. ஜாக் பேலன்ஸ் நடித்த கொலைகாரன் வில்சன் அவரை வம்புக்கு இழுக்கிறான். மழையில் தெரு முழுக்கச் சேறு. வில்சன் கடை வாசலின் மரப்பலகைத் தளத்தில் உயரத்தில் நடக்கிறான். டோரி கீழே சேற்றில் வழுக்கி வழுக்கி அவனுக்கு இணையாக நடக்கிறார். ஏற்கெனவே குள்ளமான ஆளை ஸ்டீவன்ஸ் இன்னும் கீழே இறக்கி நிறுத்தியிருக்கிறார். வில்சன் நிதானமாகக் கையுறை மாட்டுகிறான், ஜாக்சனையும் மற்ற தெற்கத்தித் தளபதிகளையும் குப்பை என்கிறான். டோரியின் கை துப்பாக்கிக்குப் போகிறது. பாதி உருவுவதற்குள் எதிராளியின் துப்பாக்கி தயாராக நிற்கிறது. ஒரு கணம் இருவரும் அப்படியே நிற்கிறார்கள். தான் செத்தாயிற்று என்று டோரிக்குத் தெரிகிற கணம் அது. அதற்குப் பிறகுதான் வெடிக்கிறது.

அதுவரை கௌபாய் படங்களில் சுடப்பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் மெதுவாகச் சாய்வான். இங்கே குக்கின் உடம்பில் கம்பி கட்டி, வெடித்த நொடியில் பின்னாலிருந்து இழுத்தார்கள். ஆள் பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டுச் சேற்றில் மல்லாந்து விழுந்தார். வெடிச்சத்தத்தையும் வேண்டுமென்றே பீரங்கி அளவுக்கு உயர்த்தினார் ஸ்டீவன்ஸ். ரத்தத்தை மெதுவான வேகத்தில் காட்டிப் பேர்பெற்ற இயக்குநர் சாம் பெக்கின்பா, ஜாக் பேலன்ஸ் எலிஷா குக்கைச் சுட்ட நாளில்தான் நிலைமை மாறத் தொடங்கியது என்ற பொருளில் பின்னாளில் சொன்னார். 1973-இல் தன் 'பேட் காரெட் அண்ட் பில்லி தி கிட்' படத்தில் குக்குக்கு ஒரு சின்ன வேடமும் கொடுத்தார்.

1956-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 'தி கில்லிங்' இந்த வரிசையில் கடைசிப் பெரிய படம். குதிரைப் பந்தய மைதானத்தில் 20 லட்சம் டாலரைக் கொள்ளையடிக்கும் திட்டம். பணம் வாங்கும் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஜார்ஜ் பீட்டிதான் குக். அவருடைய மனைவி ஷெர்ரியாக மேரி வின்ட்சர், அவரைவிட உயரமானவர். இருவரும் ஒரே அறையில் நின்றாலே பாதிக் கதை புரிந்துவிடும். அவள் நாக்கு தேள். இவர் அவளுடைய மரியாதையைச் சம்பாதிக்க ரகசியத்தை வாய்விடுகிறார். பிசகே இல்லாத திட்டம் அந்த ஒரு பேச்சால் குப்புற விழுகிறது. கடைசியில் முகமெல்லாம் ரத்தப் பொட்டுகளோடு தள்ளாடி வீட்டுக்கு வந்து அவளைச் சுட்டுவிட்டு, கிளிக்கூண்டோடு சேர்ந்து விழுகிறார். இத்தனை வருஷம் மற்றவர்கள் கையில் செத்துக்கொண்டிருந்தவர் இந்தப் படத்தில் போகும்போது அறை நிறையப் பேரை அழைத்துப் போகிறார்.

ஸ்டுடியோ முறை அதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தியேட்டர்களையும் ஸ்டுடியோக்களையும் பிரித்தது, வீடுகளில் டிவி வந்தது. பழைய முகங்களுக்கு டிவி ஒரு வகையில் உயிர்கொடுத்தது. அங்கேயும் ஐந்து விநாடியில் ஆளைப் புரியவைக்க வேண்டுமே. குக் மேற்கத்தியத் தொடர்களிலும் நீதிமன்றத் தொடர்களிலும் வந்துபோனார். 1967-இல் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடரில் அவர் சாமுவேல் கோக்லி என்ற வக்கீல். கம்ப்யூட்டர்கள் எல்லாம் சொல்லும் காலத்தில் காகிதப் புத்தகங்களைக் குவித்து வைத்துக்கொண்டு கேப்டன் கிர்க்குக்காக வாதாடுகிறவர். இன்று உலகம் முழுக்கப் பலருக்கு அவர் முகம் தெரிந்திருப்பது இந்த ஒரே எபிசோடால்தான்.

டிவியால் இன்னொன்றும் நடந்தது. 1950-க்கு முந்தைய தன் படங்களை வார்னர் நிறுவனம் 1956-இல் 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு மொத்தமாக விற்றது. 'மால்டீஸ் ஃபால்கனு'ம் 'பிக் ஸ்லீப்'பும் அதில் அடக்கம். நள்ளிரவுகளில் அவை திரும்பத் திரும்ப ஓடின. ஹார்வர்டுக்குப் பக்கத்தில் பிராட்டில் தியேட்டரில் மாணவர்கள் போகார்ட் படங்களைக் கொண்டாடினார்கள். நடிகர்களுக்கு இதில் காசு கிடையாது. 1960-இல் நடிகர் சங்கம், ரொனால்டு ரீகன் தலைமையில், ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து மறுஒளிபரப்புப் பங்கை வாங்கியது. ஆனால் அது அந்த வருஷத்திலிருந்து எடுக்கும் படங்களுக்குத்தான். 1948-க்கும் 1960-க்கும் இடைப்பட்ட காலப் படங்களுக்காக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரு தொகை வந்தது. 1948-க்கு முந்தைய படங்களுக்கு ஒன்றும் இல்லை. குக்கின் மிகச்சிறந்த வேலையில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எழுபது வயதில் ரத்தக்காட்டேரிப் படங்களில்கூட அவர் தலைகாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

படப்பிடிப்பு இல்லாதபோது அவர் ஹாலிவுட்டில் இருந்ததில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டர், சியரா நெவாடா மலைத்தொடர். அங்கே ஒரு மரவீடு. மீனை ஏமாற்றும் செயற்கை ஈக்களைத் தூண்டிலுக்குச் சொந்தமாகக் கட்டி, கோல்டன் டிரவுட் மீன் பிடிப்பார். கலிபோர்னியாவின் மாநில மீனாக 1947-இல் அறிவிக்கப்பட்ட வகை அது. உயரமான, குளிர்ந்த மலை ஓடைகளில்தான் கிடைக்கும். வேடம் இருந்தால் ஸ்டுடியோவிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியிருந்ததாம். வந்து நடித்துவிட்டுத் திரும்ப மலை ஏறிவிடுவாராம். ஹியூஸ்டன் தன் வாழ்க்கை வரலாற்றில் இதை ரசித்து எழுதியிருக்கிறார். நட்சத்திரம் என்றால் விருந்துகளில் முகம் காட்ட வேண்டும், பத்திரிகைக்குச் சிரிக்க வேண்டும். சுடப்படுகிறவருக்கு அந்தக் கடமைகள் இல்லை என்பதை இவரைப் போல அனுபவித்தவர்கள் குறைவு.

1975-இல் 'தி பிளாக் பேர்டு' என்ற கேலிப்படத்தில் மறுபடியும் வில்மராகவே வந்தார். படம் சுமார்தான். 1982-இல் விம் வெண்டர்ஸின் 'ஹாமெட்'டில், வில்மரைப் படைத்த எழுத்தாளரே கதாநாயகனாக வரும் கதையில், டாக்சி டிரைவர். எண்பதுகளில் 'மேக்னம், பி.ஐ.' தொடரில் ஐஸ் பிக் என்ற ஹவாய் நிழலுலகப் பெரியவர் வேடம். அறையில் இருக்கிற மற்றவர்கள் இவருக்குப் பயப்பட வேண்டும். அதுவே 1988-இல் கடைசி வேடமும் ஆயிற்று. 'மால்டீஸ் ஃபால்கன்' கூட்டத்தின் முக்கிய நடிகர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவர், 1995 மே 18-இல் அந்த மலையடிவாரத்து பிக் பைன் ஊரில் 91 வயதில் இறந்தார். ஐஸ் பிக்காக அவர் மிரட்டுவது எனக்குப் பாதிதான் நம்பும்படியாக இருந்தது. பயத்தில் அவர் காட்டிய நுணுக்கம் பயமுறுத்துவதில் வரவில்லை.